முல்லைக்காரர் மகனும் முதலாளித்துவமும்

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்கு ஒருவர்தான் வந்திருந்தார்.

பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வெளிவாரியாகப் பட்டம் படிப்பவர்களுக்கு நான் சமூகவியல் சொல்லிக்கொடுத்துவந்தேன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்தத் தனியார் கல்வி நிலையம். யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். திறந்தால் தாள்கள் பறக்கும் என்பதால் பெரும்பாலும் மூடியே கிடக்கும். முன்பெல்லாம் முப்பது பேருக்குக் குறையமாட்டார்கள். நாடு நொடிந்துபோன வருடத்தில் கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கப் போன பலர் வகுப்புக்குத் திரும்பவில்லை. சிலர் கத்தாருக்குப் போனார்கள், சிலர் ருமேனியாவுக்கு. எஞ்சியவர்கள் கொழும்பிலிருந்து கணினித் திரையில் நடக்கும் வகுப்புகளுக்கு மாறிக்கொண்டார்கள். அடுத்த வருடம் ஐந்து பேரோடு தொடங்கினேன். முதலாளித்துவத்தின் தோற்றமும் எதிர்காலமும் என்ற அலகுக்கு வந்து சேர்ந்தபோது ஒருவர்.

நிலையத்தின் உரிமையாளர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒராளுக்கா மிஸ் எடுக்கப் போறீங்க?"

"ஓம்."

"சரி, எடுங்க. அந்தப் பக்கத்து ஃபேனை மட்டும் நிப்பாட்டிவிடுங்க."

வந்திருந்தவருக்கு ஐம்பத்தொன்பது வயது. பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வவுணதீவுப் பக்கம். இளம் வயதில் உயர்தரம் சித்தியடைந்தும், சண்டைக் காலத்தில் பல்கலைக்கழகம் போக முடியாமல் போனவர். முதல் நாளிலிருந்தே கடைசி வாங்கில்தான் இருப்பார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ் என்பார். அன்றைக்கும் கடைசி வாங்கில் இருந்தார். நடுவில் வெறும் வாங்குகள். நான் வெண்பலகையில் தலைப்பை எழுதிவிட்டு, முப்பது பேருக்குப் பேசுகிற குரலில் தொடங்கினேன். ஐந்து நிமிடம் போயிருக்கும். அவர் எழும்பி முன்வாங்குக்கு வந்தார்.

"மிஸ், குறை நினைக்காதீங்க. ஒராளுக்கு நீங்க நிண்டுகொண்டு பாடம் எடுக்கிறது எனக்குக் கூச்சமாயிரிக்கு. இரிங்களன்."

பதினாறு வருடம் படிப்பித்தும் வகுப்பில் நான் கதிரையில் இருந்ததில்லை. இருந்தேன். அதற்குப் பிறகு என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கலியாணம் முடிக்கவில்லை. அப்பா போன பிறகு வீட்டில் தனியே இருக்கிறேன். ஒரே தம்பி, அவன் கனடாவில். ஞாயிறில் எங்கள் சபைக் கோயிலில் பாடுகிறேன். மற்ற நாட்களில் பாண் வாங்கும்போதும் தேங்காய் வாங்கும்போதும் கேட்கும் இரண்டு கேள்விகளைத் தவிர, பேசுவதற்கு எனக்கு ஆள் இல்லை. சில வெள்ளிக்கிழமைகளில் என் குரல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே குறிப்பை வாய்விட்டு வாசிப்பேன். இதை நான் அப்போது யாருக்கும் சொன்னதில்லை.

அந்த அலகில் முதலில் வருவது மதம் பற்றிய கோட்பாடு. அறிஞர்களின் பெயர்களை எழுதினால் இது பாடக்குறிப்பாகிவிடும், விட்டுவிடுகிறேன். சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு, அதாவது புரட்டஸ்தாந்துக்காரருக்கு, ஒரு பயம் இருந்தது: தாங்கள் மீட்கப்பட்டவர்களா இல்லையா என்று தெரியாத பயம். அந்தப் பயத்தில் அவர்கள் வேலையை வழிபாடுபோலச் செய்தார்கள், சம்பாதித்ததைச் செலவழிக்காமல் மீண்டும் தொழிலில் போட்டார்கள், அந்தப் பழக்கத்திலிருந்துதான் முதலாளித்துவத்தின் மனப்பாங்கு பிறந்தது என்கிறது அந்தக் கோட்பாடு.

சொல்லி முடித்ததும் அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ் மெதடிஸ்த சபையெல்லா?"

"ஓம்."

"அப்ப உங்கட ஆக்களெல்லாம் இஞ்ச பெரிய முதலாளிமாரா வந்திரிக்கோணுமே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு, குறிப்பில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். அப்பா தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். சபையில் ஊதியமில்லாத பிரசங்கி. வந்த கடித உறைகளைப் பிரித்து உட்புறமாக மடித்து மறுபடி ஒட்டிப் பாவிப்பார். படம் பார்க்கமாட்டார். தேநீருக்கு அரைக் கரண்டிச் சீனி. சும்மா இருக்கும் கை பாவத்துக்குப் பிடிக்கும் என்று சொல்லி எங்களுக்குப் பாட்டுப் புத்தகங்களுக்கு உறை போடும் வேலை தருவார். அந்தக் கோட்பாட்டில் வருகிற மனிதர் எப்படி இருக்க வேண்டுமோ, அச்சொட்டாக அப்படி இருந்தார். ஆனால் அவர் விட்டுப்போனது ஒரு சைக்கிளும் நாங்கள் இருந்த வீடும்தான்.

"அப்ப அந்தக் கோட்பாடு பிழையா மிஸ்?"

"பிழை என்று சொல்லேலாது. சிக்கனம் மட்டும் போதாது என்று அடுத்த அறிஞர் சொல்லுவார்."

"அடுத்தவர் அடுத்த கிழமையா?"

"ஓம்."

"சரி. அதுவரைக்கும் உங்கட அப்பாவை யோசிச்சுக்கொண்டிருக்கன்."

அப்பாவை வேறு ஒருவர் யோசிக்கிறார் என்பது எனக்கு அந்தக் கிழமை முழுவதும் துணைபோல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வணிகம் பற்றிய கோட்பாடு: தூர தேசத்து வியாபாரம், துறைமுகங்கள், மையமாகிப்போன சில நாடுகளும் அவற்றுக்கு விளிம்பாகிப்போன மற்ற நாடுகளும். நான் யன்னலைத் திறந்து வாவியின் அக்கரையையும் கோட்டை இருக்கும் திசையையும் காட்டினேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் எழுதினார். ஆனால் அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது.

மூன்றாவது கிழமை நிலம் பற்றிய கோட்பாடு. முதலாளித்துவம் தொடங்கியது நகரத்திலும் இல்லை, கப்பலிலும் இல்லை, வயலில் என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கிலாந்தின் கிராமங்களில் குடியானவர்கள் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டார்கள். அதோடு அவர்கள் இரண்டு விதத்தில் சுதந்திரமானவர்கள் ஆனார்கள். ஒன்று, யாருக்கும் கட்டுப்படாமல் தங்கள் உழைப்பை விற்கலாம். மற்றது, விற்பதற்கு உழைப்பைத் தவிர அவர்களிடம் வேறொன்றும் இல்லை. வருடாவருடம் ஒரே வார்த்தைகளில் நான் சொல்லும் இடம் அது.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"மிஸ், இது எங்கட வட்டைக்கு எண்டைக்கு வந்தது எண்டு எனக்குத் தெரியும்."

"எது?"

"நீங்க சொன்ன இந்த முதலாளித்துவம்."

வட்டை என்றால் வயல்வெளி. அவருடைய தகப்பன் ஒரு போடியாரிடம் முல்லைக்காரராக இருந்தவர். போடியாருக்கு நிலம் இருக்கும். விதைப்பிலிருந்து அறுப்புவரை வயல்வாடிக் குடிசையிலேயே தங்கிப் பொறுப்பாகப் பார்ப்பவர் முல்லைக்காரர். விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு. ஒரு போகம், சூடடித்து முடித்த களவெட்டி என்கிற நெற்களத்துக்கு, போடியாரின் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான்.

"எனக்கு அப்ப பதினேழு வயசு. அவன் நல்ல பொடியன். ஏசவும் இல்ல, ஒண்டும் இல்ல. 'இனிப் பங்கு வேணா. உழவு மெசின் எடுத்திரிக்கம். தேவைப்பட்டா நாள் கூலிக்குக் கூப்பிடுவன். நீங்க இனி எங்களுக்குக் கட்டுப்பட்ட ஆள் இல்ல, விரும்பின இடத்துல வேலை செய்யலாம்' எண்டான். அப்பா கேட்டார், 'அப்ப நான் இப்ப எங்க போற, சின்னப் போடியார்?' எண்டு. அவனுக்கும் தெரியாதானே. மறுகா அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்ட வந்தார். வந்து, கையை எங்க வைக்கிற எண்டு தெரியாம இரிந்தார்."

அவர் அவசரமாகச் சொன்னார்:

"முதல் இருந்தது நல்லம் எண்டு சொல்லல்ல மிஸ். போடியார்ர வீட்டுல அப்பா ஒருநாளும் கதிரையில இருந்ததில்ல. முத்தத்துலதான் நிப்பார். அதுவும் எனக்குத் தெரியும்."

அன்று வீட்டுக்குப் போய் என் பழைய குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். இரண்டு விதச் சுதந்திரம் என்ற இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, முக்கியம், பரீட்சைக்கு வரும் என்று எழுதியிருந்தேன். அவ்வளவுதான். அந்தச் சொற்களுக்குள் ஒரு மனிதர் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

நாலாவது கிழமை எதிர்காலம். முதலாளித்துவம் தன் உள்முரண்பாடுகளால் உடையும் என்பார் ஒருவர். தோல்வியால் அல்ல, வெற்றியாலேயே சோர்ந்துபோகும் என்பார் இன்னொருவர். அது எல்லா நெருக்கடியையும் விழுங்கி உருமாறிக்கொண்டே இருக்கும் என்பார் மூன்றாமவர். மாற்று எதுவும் பிறக்காமலே மெல்ல மெல்ல அழுகும் என்பார் வேறொருவர். நான் நான்கையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க மிஸ்?" என்றார்.

"எதைப் பற்றி?"

"இது முடியுமா, முடியாதா? அவர் சொல்றார், இவர் சொல்றார் எண்டு நாலு பேரைச் சொன்னீங்க. நீங்க?"

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பதினாறு வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. வகுப்பில் மட்டுமா? என்ன நினைக்கிறாய் என்று என்னை வேறு யார், எதைப் பற்றிக் கேட்டார்கள்? வெட்கமா, கோபமா என்று தெரியவில்லை. அது வெளியில் வந்தபோது கோபமாகத்தான் வந்தது.

"பரீட்சைக்கு என்னுடைய அபிப்பிராயம் தேவையில்லை அண்ணன். நாலு கோட்பாட்டையும் எழுதினால் புள்ளி கிடைக்கும்."

"சரி மிஸ்" என்று சொல்லிக் கொப்பியை மூடினார். போகும்போது வழக்கம்போல "பொயித்து வாறன்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை.

ஒன்பது மணிக்கு வகுப்பு. பதினொரு மணிவரை இருந்தேன். துணிக்கடையில் விளம்பரப் பாட்டு திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. அதற்கடுத்த கிழமையும் போனேன். அவருடைய கைபேசியில் ஒரு பெண் குரல் மூன்று மொழியிலும் தொடர்புகொள்ள முடியாது என்றது. மூன்றாவது கிழமை உரிமையாளர் மேலே வந்தார்.

"மிஸ், வேற ஆக்கள் இந்த ஹோலைக் கேக்கிறாங்க. வெளிநாட்டு விசாவுக்கு இங்கிலீஸ் வகுப்பு."

"இன்னும் ஒரு கிழமை பாப்பம்" என்றேன்.

அவர் என் கண்ணைப் பார்க்காமல் தலையாட்டினார். அவருக்குப் பாவமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வவுணதீவுக்குப் பஸ் ஏறினேன். வலையிறவுப் பாலத்தைத் தாண்டும்போது, ஒரு மாணவரைத் தேடி வீட்டுக்குப் போகிற ஆசிரியை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, எனக்குச் சனிக்கிழமை வேண்டியிருந்தது.

இறங்கி இரண்டு கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். அவருடைய மனைவி முற்றத்தில் நின்று சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் முகம் மலர்ந்தது.

"மிஸ்ஸா? உங்களைப் பத்தித்தான் எந்நேரமும் கதை. வாங்க, இரிங்க."

"அண்ணன் வகுப்புக்கு வரயில்ல. நான் ஏதும் மனம் நோகச் சொல்லிப்போட்டனோ எண்டு..."

"ஐயோ, அதெல்லாம் ஒண்டுமில்ல. அவர் வயல் காவலுக்குப் பொயித்தார். ஆனை வருதெல்லா. போனும் தண்ணிக்குள்ள விழுந்து பழுதாப் பொயித்து. நான் இப்ப சோறு கொண்டு போறன், வாறீங்களா?"

போனேன். அவர் சோற்றையும் நான் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கட்டில் நடந்தோம். கதிர் தலைசாயத் தொடங்கியிருந்தது. போகும் வழியில் அவர் சொன்னார், கணவருக்கு ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை, படிப்பும் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று.

அது தகப்பன் முல்லைக்காரராக இருந்த அதே வட்டை. பழைய போடியாரின் பிள்ளைகள் விற்று, வாங்கியவர் விற்று, இப்போது யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து வாங்கியிருக்கிறார். வாடிக்கு முன்னால் ஒரு கம்பம், அதில் சூரிய ஒளித் தகடும் சின்னக் கேமராவும். வாடிக்குள் கொண்டக்டர் அண்ணன் படுத்திருந்து என் குறிப்பை வாசித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழும்பினார்.

"மிஸ்! இஞ்ச எப்பிடி?"

"வகுப்பு எடுக்க வந்தன்" என்றேன். அது நான் யோசித்துச் சொன்னதல்ல.

அவர் மனைவி சிரித்தார். அண்ணன் கேமராவைக் காட்டினார்.

"அந்தா, அதால முதலாளி பாப்பாராம். வயலையும் பாப்பார், என்னையும் பாப்பார். ஆர், எந்த நாடு எண்டு எனக்குத் தெரியா. மாதத்துல ஒருக்கா இவட போன்ல ஒரு குரல் கதைக்கும். போடியார்ர முகத்தையாவது அப்பா பாத்தவர் மிஸ். நான் பாக்கல்ல."

சோற்றை மூன்றாகப் பகிர்ந்தோம். மீன் குழம்பும் கத்தரிக்காயும். சாப்பிட்டு முடிந்ததும் நான் சொன்னேன்:

"அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதில் சொல்லயில்ல."

"அது பரவாயில்ல."

"இல்ல, சொல்லுறன். அது உடையும் எண்டு நான் நினைக்கயில்ல. சத்தமில்லாமல் நடக்கும். ஒராளுக்கு ஒராள் முகம் பாக்கத் தேவையில்லாமல் போகும். உங்கட முதலாளிமாதிரி. கடைசியில எல்லாரும் தனித்தனியா இருப்பம், எல்லா அலுவலும் நடந்துகொண்டிருக்கும். அதுதான் எனக்குத் தெரியிற எதிர்காலம்."

அவர் மெதுவாக, மனம் நோகக்கூடாதென்ற குரலில் சொன்னார்:

"மிஸ், நீங்க தனிய இரிக்கிறபடியால் உங்களுக்கு அப்பிடித் தெரியுது."

மனைவி அவருடைய கையில் தட்டினார். "என்ன கதை இது!"

"இல்ல, பிழையாச் சொல்லல்ல. அந்த நாலு பேரும் அப்பிடித்தானே எழுதியிருப்பாங்க? ஒவ்வொருத்தரும் தங்கட வீட்டு யன்னலால பாத்து. எனக்குக் களவெட்டியால தெரியுது. மிஸ்ஸுக்கு மிஸ்ஸிட யன்னலால."

எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடித்தேன். நான் தனியே இருக்கிறேன் என்பதை என் முகத்துக்கு நேரே அதுவரை யாரும் சொன்னதில்லை. தம்பி சொன்னதில்லை, சபையில் சொன்னதில்லை. எல்லோரும் 'வீடு அமைதியாயிருக்கும் என்ன, வாசிக்க வசதி' என்பார்கள். அவர் சொன்னது குத்தியது. ஆனாலும் யாரோ கதவைத் தட்டியதுபோலவும் இருந்தது.

பிறகு இரண்டு மணித்தியாலம் படித்தோம். கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குரியவர் அன்றைக்கு அதைத் திறந்து பார்த்திருந்தால், தன் காவல்காரருக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் தாள்கள் பரந்து கிடப்பதைப் பார்த்து என்ன நினைத்திருப்பாரோ தெரியாது. அறுப்புவரை இன்னும் நாலு தடவை போனேன்.

அறுப்பன்று நான் போனபோது வெட்டு மெசின் வரம்போரம் நின்றது. விடியற்காலையில் தொடங்கிய வேலை மதியத்துக்குள் முடிந்தது. நெல் லொறியில் ஏறிப் போனது. காவல் வேலையும் அன்றோடு முடிந்தது. அண்ணன் வாடியைக் கூட்டி, கதவில்லாத வாசலில் ஒரு தடியைக் குறுக்கே வைத்துவிட்டு, பாயோடு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வருடமே பரீட்சை எழுதினார். எதிர்காலம் பற்றிய கேள்விதான் வந்ததாம். நாலு கோட்பாட்டையும் எழுதி, கடைசிப் பக்கத்தில் களவெட்டிக் கதையையும் எழுதியதாகச் சொன்னார். சமூகவியல் சித்தி. மற்ற இரண்டு பாடங்கள் சித்தியில்லை. திரும்ப எழுதுங்கள் என்று எவ்வளவோ சொன்னேன்.

"வேணா மிஸ். எனக்கு அறிய வேண்டியிருந்ததை அறிஞ்சித்தன்" என்றார்.

இப்போது கிரானில் மகளின் வீட்டில் இருக்கிறார்கள். மகள் வெளிநாடு போய்விட்டாள், பேரப்பிள்ளைகளை இவர்கள்தான் பார்க்கிறார்கள். வருடப்பிறப்புக்குத் தொலைபேசியில் பேசினார். பின்னால் பிள்ளைகளின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வாருங்கள் என்றார். வருகிறேன் என்றேன். இன்னும் போகவில்லை.

என் வகுப்பை நிலையம் நிறுத்திவிட்டது. அந்த ஹோலில் விசாவுக்கான ஆங்கில வகுப்பு நடக்கிறது. சில மாதம் கழித்து உரிமையாளர் வீட்டுக்கு வந்து, பேச்சுப் பயிற்சிக்கு ஆள் இல்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். சனிக்கிழமை காலை என்பதைக் கேட்டபிறகு வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

முதல் நாள் நாற்பது பேருக்கு மேல். வாங்குகள் போதாமல் படிக்கட்டிலும் நின்றார்கள். இரண்டு ஃபேனும் சுற்றின. விசா நேர்முகத்தில் கேட்கிற கேள்விகளைப் பழக்குவது என் வேலை. ஒவ்வொருவராக எழுப்பி, ஏன் வெளிநாடு போக விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எல்லோரும் மனப்பாடம் செய்த பதிலையே சொன்னார்கள். நடு வாங்கில் இருந்த ஒரு பெண் மட்டும் எழும்பி நின்று தமிழில் சொன்னாள்:

"தெரியா மிஸ். எல்லாரும் போறாங்க."

வகுப்பு சிரித்தது. அவள் வெட்கப்பட்டுக் குனிந்தாள். நேர்முகத்தில் அப்படிச் சொன்னால் விசா கிடைக்காது, அதைச் சொல்லித்தர வேண்டியது என் கடமை. நான் வெண்பலகையில் சரியான வசனத்தை எழுதினேன். அவள் அதை மூன்று தடவை சொன்னாள். மூன்றாம் தடவை பிழையில்லாமல் வந்தது. அடுத்தவரை எழும்பச் சொன்னேன்.